மாசி நிலவும் பெரட்டுத் தப்பும்

பெப்ரவரி முடிந்து மார்ச்சு தொடங்கும் நாள்களில் நம் வகுப்பின் வரவுப் பதிவேட்டைப் புரட்டினால் ஒரு வேடிக்கை புலப்படும். மாத்தளை நகரத்துப் பிள்ளைகள் எல்லோரும் வந்திருப்பர். தோட்டங்களிலிருந்து பஸ்ஸேறி வரும் பிள்ளைகளின் பெயர்களுக்கு எதிரே மட்டும், போயா விடுமுறைக்கு மறுநாள், சொல்லிவைத்தாற்போல வரவின்மைக் குறி விழுந்திருக்கும். அதற்கும் மறுநாள் அவர்கள் கொண்டுவரும் கடிதங்களில் ஒரே காரணந்தான் எழுதப்பட்டிருக்கும்: காய்ச்சல்.

ஆசிரியத் தொழிலுக்கு வந்த முதல் இரண்டு ஆண்டுகள் நாமும் இதனை நம்பினோம். நக்கிள்ஸ் மலையிலிருந்து இறங்கும் பனிக்குக் காய்ச்சல் வருவது இயல்புதானே என்றிருந்தோம். மூன்றாம் ஆண்டில், கடிதத்தை நீட்டிய ஒரு மாணவனின் காதோரத்தில், கழுவியும் போகாத அரிதாரம் ஒட்டியிருப்பதைக் கண்டு விசாரித்தோம். அவன் நெடுநேரம் தயங்கி, களவை ஒப்புக்கொள்பவனைப்போலத் தலைகுனிந்து, "சேர், எங்கட தோட்டத்தில நான்தான் ரதி" என்றான்.

பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றவர் நாம். வடமோடிக்கும் தென்மோடிக்கும் உள்ள வேறுபாடுகளைப் பரீட்சைத் தாளில் பக்கம் பக்கமாக எழுதியவர். புகார் நகரத்துக் காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவனைக் கூடலாம் என்று தேவந்தி சொன்னதும், கண்ணகி அதனை மறுத்ததும் நமக்கு மனப்பாடம். தையிலே தொடங்கி மாசி கடந்து பங்குனி வரை காமனை நோக்கி ஆண்டாள் நோற்ற நோன்பைப் பற்றியும் கட்டுரை வரைந்திருக்கிறோம். ஆயினும் அதே காமனுக்கு, நாம் படிப்பிக்கும் பாடசாலையிலிருந்து கூப்பிடு தொலைவில், மாசி மாதம் முழுவதும் ஓர் ஊரே விரதமிருந்து கூத்தாடுகின்றது என்பதை ஒரு பதினாறு வயதுப் பையனின் காதோரத்து அரிதாரத்திலிருந்துதான் அறிந்துகொண்டோம். அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

குளிர்காலக் கலைவிழா என்றால் நம் படித்த கூட்டத்தாருக்கு நினைவுக்கு வருவது சென்னை. 1927ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையிற் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் பயனாக 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. மார்கழிக் கச்சேரிகள் அதன்பின் ஒரு வழக்கமாகிவிட்டன. அது சபாக்களின் பருவம். மாத்தளையின் குளிர்காலம் வேறு வகையானது. மார்கழி விடியலில் லயங்களைச் சுற்றிவரும் பஜனை, தைப்பொங்கல், அதன்பின் மாசியில் காமன் கூத்தும் நகரத்து முத்துமாரியம்மன் கோயிலின் மகோற்சவமும் என்று அது நீள்கின்றது. இதற்கு நுழைவுச்சீட்டு இல்லை. வரலாறு உண்டு, அந்த வரலாறு ஒரு வீதியிலிருந்து தொடங்குகின்றது.

மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டின் ஊடாகத் தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளைக்கு வந்து சேரும் அந்த வடக்குப் பாதை, கோப்பிக் காலத்தில் தென்னிந்தியக் கூலித் தொழிலாளர் நடந்த பாதை. திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து புறப்பட்டவர்கள், சுமையோடும் குழந்தையோடும் நாள் கணக்கில் நடந்தனர். பேதியும் அம்மையும் காய்ச்சலும் வழிநெடுகப் பலிகொண்டன. நடந்து பிழைத்தவர் மலைநாட்டில் முதலிற் கண்ட பெரிய ஊர் மாத்தளை. அம்மைக்கு அஞ்சி நடந்த மக்கள், நடை முடிந்த இடத்தில் மாரியம்மனைக் கண்டதில் வியப்பில்லை. ஒரு மரத்தடியில் சிறு உருவாக இருந்த அம்மனுக்கு 1852இல் வயற்காணி ஒன்று கொடையாகக் கிடைத்தது என்றும், இன்றைய கோயிலின் அடிப்படை 1874இல் நாட்டுக்கோட்டைச் செட்டியாரின் பொருளுதவியால் எழுந்தது என்றும் கோயில் வரலாறு கூறும். இன்று 108 அடி உயர இராசகோபுரம் நிமிர்ந்து நிற்கின்றது. மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் நகர வீதிகளில் உருளுகின்றன.

இந்த வீதிக்கு வேறொரு நினைவும் உண்டு. 1848 ஜூலையில் தம்புள்ளையில் முடிசூட்டப்பட்ட கொங்காலேகொட பண்டாவும் வீர புரன் அப்புவும் தம் படையோடு மாத்தளையை நோக்கி வந்ததும் இதே வழியாகத்தான். நாய்க்கு வரி, துப்பாக்கிக்கு வரி, வீதியமைக்க உடலுழைப்பு அல்லது பணம் என்று விதித்த அரசுக்கு எதிராகச் சிங்களக் குடியானவர் எழுந்த அதே ஆண்டுகளில், அந்த அரசின் கோப்பித் தோட்டங்களை நோக்கித் தமிழ்க் கூலிகள் வரிசை வரிசையாக நடந்துகொண்டிருந்தனர். இருவரும் ஒருவரை ஒருவர் வீதியோரத்திற் கண்டிருப்பர். பேசிக்கொள்ள ஒரு பொதுமொழி இல்லை. தங்களை ஆட்டிவைக்கும் கை ஒன்றே என்று எடுத்துச் சொல்ல ஓர் இயக்கமும் அன்று இல்லை.

இனிப் பருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கோப்பிக் காலத்தில் மாத்தளை மலையின் குளிர்மாதங்கள் கலையின் மாதங்கள் அல்ல. உழைப்பின் உச்ச மாதங்கள். கோப்பிப் பழம் பறிக்கும் காலம் ஆண்டின் கடைசிப் பகுதியில் விழுந்தது. அதற்கென வந்தவர்களுள் பெரும்பாலோர் பறிப்பு முடிந்ததும் கூலியைக் கணக்குத் தீர்த்துக்கொண்டு, கணக்கு மிஞ்சியிருந்தால், ஊருக்குத் திரும்பினர். இங்கே கூத்தாட அவர்களுக்கு நேரமும் இல்லை, ஊரும் இல்லை. 1869இல் கோப்பி இலையிற் கண்ட துருநோய் பதினைந்து இருபது ஆண்டுகளில் அப்பயிரையே அழித்தது. அதன் இடத்தைப் பிடித்த தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். வந்துபோன கூலி, குடும்பத்தோடு லயத்திற் குடியிருக்கும் தொழிலாளி ஆனான். 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை வந்தது. நடந்துவந்த தலைமுறை மறைந்து, இங்கே பிறந்த தலைமுறை எழுந்தது. மாசியில் மழை ஓய்கின்றது, கொழுந்து குறைகின்றது, இரவுகள் நிலவும் பனியுமாய் நீளுகின்றன. தஞ்சையிலும் புதுக்கோட்டையிலும் அறுவடை முடிந்த கிராமங்கள் காமனுக்கு எடுத்த பண்டிகை, அறுப்பதற்கு நெல்லில்லாத தேயிலை மலையில் வேர்விட இந்த ஓய்வே இடங்கொடுத்தது என்பது நம் கருத்து. தாயகத்தில் அது கிராமத்தின் பல விழாக்களுள் ஒன்று. தோட்டத்திலோ, பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளின் வரிசையைப் பதினைந்து நாள்களுக்கேனும் ஓர் ஊராக மாற்றிக்காட்டும் சாதனம் அதுவே ஆயிற்று.

கூத்தின் நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லலாம். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரியும் நாளில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றப்படும். கரும்பு, ஆமணக்கு, வைக்கோற்பிரி, வறட்டி என்று அக்கம்பத்தில் சேர்வன தோட்டத்துக்குத் தோட்டம் சற்று வேறுபடும். வேடம் புனைவோர் அன்று முதல் விரதம் காப்பர். கூத்து வாத்தியாரின் வீட்டு முற்றம் ஒத்திகைக் களமாகும். ரதிக்கும் மன்மதனுக்கும் திருமணம் நடக்கும்; மணமக்கள் லயம் லயமாக வலம்வருவர்; வீட்டுக்கு வீடு தேங்காயும் அரிசியும் சில்லறையும் கிடைக்கும். பௌர்ணமி இரவு முழுவதும் பெருங்கூத்து. தக்கன் யாகம், ஓலை கொண்டுவரும் தூதன், குறவன் குறத்தி, வீரபத்திரன், காளி, எமன், எல்லோரையும் கேலிசெய்து திரியும் கோமாளி என்று பாத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆட, விடியுமுன் சிவனுடைய நெற்றிக்கண் திறந்து கம்பம் பற்றி எரியும். தென்னகத்து இலாவணிக்காரர் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று பிரிந்து வாதாடும் பழைய வழக்கொன்று உண்டு. காமன் உண்மையில் எரிந்தானா இல்லையா என்பதே வழக்கு. தத்துவ விசாரம் என்று நாம் புத்தகத்திற் படித்த இவ்வாதத்தைத் தோட்டத்துக் கிழவர்கள் இன்றும் தேநீர்க் கோப்பையோடு நடத்துவதைக் கேட்டிருக்கிறோம்.

ஆனால், நெஞ்சை நிறுத்திக் கேட்கவேண்டியது கதையின் நடுப்பகுதியை. தவத்திலிருக்கும் சிவனின் யோகத்தைக் கலைக்க வரும்படி மன்மதனுக்குத் தேவலோகத்திலிருந்து ஓலை வருகின்றது. தூதன் ஓலையை நீட்டுகிறான். ரதி போகாதே என்கிறாள். கெட்ட கனாக் கண்டேன் என்கிறாள், காலைப் பிடிக்கிறாள், சண்டையும் போடுகிறாள். மன்மதனுக்கும் போக விருப்பமில்லை. ஆயினும் மேலிடத்து ஆணையை மீற முடியாது. போகிறான். மேலிடத்தார் தம் காரியத்தை முடித்துக்கொள்கின்றனர், சாம்பலாகிறவன் அவன், தலைவிரி கோலமாக அழுகிறவள் அவள்.

கங்காணி கொண்டுவந்த ஆசை வார்த்தையையும் முன்பணத்தையும் நம்பிக் கடல் கடந்தோரின் பேரர்கள் இந்தக் காட்சியை ஆடும்போது, அதைப் புராணம் என்று மட்டும் கொள்ள நமக்கு மனம் ஒப்பவில்லை. ஓலை என்ற சொல்லுக்கு லயத்துக் காதில் வேறோர் எதிரொலி இருந்திருக்க வேண்டும். தொழிலாளி பட்ட கடனைக் குறித்து ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு அவனையே கைமாற்றப் பயன்பட்ட காகிதத்துக்குத் 'துண்டு' என்று பெயர். 1921இல் சட்டம் அதை ஒழிக்கும்வரை தோட்டத் தொழிலாளியின் வாழ்வு ஒரு துண்டுக் காகிதத்தில் அடங்கியிருந்தது. இந்த ஒப்புமையைக் கூத்தாடியவர்கள் நினைத்துச் செய்தார்கள் என்று நாம் வாதிடவில்லை. தூதன் வரும் கட்டத்தில் சபையில் விழும் அமைதியை ஒருமுறை கேட்டவர்கள் நம்மோடு உடன்படக்கூடும்.

இனி, தப்பு. வட்டமான மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோல்; வைக்கோல் நெருப்பிற் காய்ச்சிச் சுருதி ஏற்றி, இரு குச்சிகளால் அடிப்பது. காமன் கூத்தின் உயிர் அதுதான்; ஒவ்வொரு பாத்திரத்தின் வரவுக்கும் ஆட்டத்துக்கும் தனித்தனி அடி உண்டு. அதே தப்புத்தான் தோட்டத்தில் விடியற்காலையில், இருள் பிரியுமுன், தொழிலாளரை எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு விரட்டப் பயன்பட்டது. பெரட்டுத் தப்பு என்று அதற்கென்றே ஓர் அடி. துரையின் மணிக்கூட்டையும் தொழிலாளியின் உடம்பையும் இணைத்த கயிறு அது. பிந்திப் போனவனுக்கு அன்று பேரில்லை, பேரில்லையேல் கூலியில்லை. மரணத்துக்கும் அதே தப்பு, அம்மன் கரகத்துக்கும் அதே தப்பு. ஒரே கருவி, அடிப்பவனும் பெரும்பாலும் ஒருவனே. ஆண்டில் மிகுதியான நாள்கள் அவன் கையைத் தோட்டம் எடுத்துக்கொண்டது. மாசியில் மட்டும் அவன் கை அவனுடையதாயிற்று. விடியலில் கேட்டால் வயிற்றைக் கலக்கும் ஒலி, நள்ளிரவிற் கேட்டால் கால்களை ஆடவைக்கிறது என்று ஒரு முதியவர் நம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

துரைமார் இதற்கு ஏன் இடங்கொடுத்தனர் என்று கேட்கலாம். உலகத்தின் மறுபுறத்தில் வேறோர் அனுபவம் இருக்கின்றது. கரிபியன் கடலில் திரினிடாத் தீவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாயிருந்தோரின் வழித்தோன்றல்கள், ஏறத்தாழ நம் மாசி மாதத்திலேயே, பந்தமும் முரசுமாக எடுத்த கன்புலே ஊர்வலத்தை அடக்கப்போய் 1881இல் அரசு கலகத்தைச் சந்தித்தது. 1884இல் முரசுக்கும் பந்தத்துக்கும் சட்டத்தால் தடைபோட்டது. அதே ஆண்டு அக்டோபரில், ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர் எடுத்த மொகரம் ஊர்வலத்தின்மீது துப்பாக்கிச் சூடும் நடந்தது. அங்கே ஊர்வலங்கள் தோட்டத்தை விட்டுப் பட்டணத்து வீதிக்கு வந்தன, பல தோட்டத்து மக்கள் ஒன்றுகூடினர், ஆட்சி அஞ்சியது. இலங்கை மலைநாட்டிலோ கூத்து பெரும்பாலும் ஒரு தோட்டத்தின் எல்லைக்குள், ஒரு டிவிசனின் பொட்டலுக்குள் நின்றது. முதல் மரியாதை பெரிய கங்காணிக்கு, மாலை துரைக்கு. கங்காணியே சில இடங்களிற் செலவை ஏற்றார். ஏற்ற செலவு அவர் பிடியை இறுக்கிற்று. எல்லைக்குள் எரியும் நெருப்பால் துரைக்கு நட்டமில்லை. மறுநாள் பெரட்டுக்கு ஆள் வந்தாற் போதும். ஆகவே காமன் கூத்தை எதிர்ப்புக் கலை என்று சட்டென முத்திரை குத்தும் நண்பர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை. கோமாளி கங்காணியைப்போல நடந்து காட்டுவான், கணக்கப்பிள்ளையைப்போலப் பேசுவான். சபை வயிறு குலுங்கச் சிரிக்கும். விடிந்தால் அதே கங்காணிக்குக் கும்பிடு. அந்தச் சிரிப்புக்கு மதிப்பில்லை என்றும் நாம் சொல்லவில்லை.

கூத்தின் எல்லையைத் தாண்டிப் பாட்டை வெளியே கொண்டுவந்தவர்கள் பின்னால் வந்தனர். 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய கோ. நடேசய்யர், 1937இல் இராமசாமிச் சேர்வையின் சரிதத்தை நாடகமாக எழுதி வெளியிட்டார். அவர் துணைவியார் மீனாட்சியம்மாள், தொழிலாளர் துயரத்தைச் சிந்தாகப் பாடிக் கூட்டங்களைத் திரட்டினார். 1940இல் அப்பாடல்கள் நூலாயின. பெண்ணொருத்தி மேடையேறிப் பாடினாள் என்பதை இங்கே கோடிட்டு வைப்போம். பின்னர் இதற்குத் திரும்புவோம். அதே 1940இன் ஜனவரி 10ஆம் நாள், முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானார். அவ்வாண்டு அத்தோட்டத்தார்க்கு மாசி எப்படிக் கழிந்திருக்கும் என்பதை வாசகரே நினைத்துக்கொள்ளட்டும்.

சுதந்திரம் வந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 9,75,000 மனிதரைக் கணக்குப் பலகையில் நிறுத்தி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கிட்டது. 1974இல் அந்த எச்சமும் பாதிபாதியாகப் பிரிக்கப்பட்டது. இது குடும்பங்களைப் பிரித்தது என்று எல்லோரும் எழுதுகின்றனர். ஒரு கூத்துக் குழுவும் குடும்பமே என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாட்டு வாத்தியாருக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தப்புக்காரனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று வந்தால் கூத்து எங்கே நிற்கும்? மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் போன புகையிரதத்துக்கு மக்கள் இட்ட பெயர் அழுகைக் கோச்சி. ரதியின் புலம்பலுக்கும் அந்த மேடையில் எழுந்த ஒப்பாரிக்கும் இராகத்தில் வேறுபாடில்லை என்று அதில் உறவினரை ஏற்றிவிட்டோர் கூறுவர்.

மாத்தளைக்கு அடுத்த அடி காணிச் சீர்திருத்தத்தின் வழியே வந்தது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. கொள்கையளவில் இதை நாம் வரவேற்கிறோம். அந்நியக் கம்பனிகளின் கையிலிருந்த நிலம் நாட்டுக்குத் திரும்புவதை எந்த முற்போக்காளன் மறுப்பான்? ஆனால், அந்நிலத்தை உழைப்பால் ஆக்கியவனை நாட்டுக்குரியவனாக எண்ணாத சீர்திருத்தம் அது. கண்டி, மாத்தளை, கேகாலை மாவட்டங்களின் நடுநிலைத் தோட்டங்களில் எத்தனையோ லயங்கள் வெறுமையாயின. பஞ்சத்தில் மக்கள் பட்டணத் தெருக்களுக்கு இறங்கினர். வவுனியாக் காட்டு நிலத்துக்குப் போயினர். 1983 ஜூலையில் வன்செயல் மாத்தளை நகரையும் தொட்டது. முத்துமாரியம்மன் கோயில் தாக்கப்பட்டது, தேர்கள் தீக்கிரையாயின. தேர்கள் பின்னர் மீண்டும் செய்யப்பட்டன, மீண்டும் உருண்டன. நகரத்து வணிகரின் கைவளமும் ஊராரின் உறுதியும் அதற்கு இருந்தன. கலைந்துபோன காமன் பொட்டல்களுக்கு அவ்வாறு யாரும் மதிப்பீடு தயாரிக்கவில்லை, நட்டஈடு கேட்கவுமில்லை. எரிந்த தேர் கண்ணுக்குத் தெரியும். ஆடாமற்போன கூத்து கண்ணுக்குத் தெரியாது.

இதே காலத்தில் நம் பல்கலைக்கழகம் என்ன செய்துகொண்டிருந்தது? பேராதனையில் 1956இல் சரச்சந்திராவின் 'மனமே' சிங்கள நாடகத்தின் திசையை மாற்றியது. அதனால் ஊக்கம்பெற்ற பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', 1964இல் 'இராவணேசன்', 1967இல் 'வாலி வதை' என்று கூத்தை நவீன மேடைக்கு ஏற்றினார். ஈழத்து நாடக வரலாற்றில் அது பெரும்பணி. கிராமத்தான் கூத்தைப் படித்தவன் தன் கலை என்று ஏற்றுக்கொள்ளச் செய்த பணி. ஆயினும் ஒத்திகை நடந்த அந்த வளாகத்தின் தலைக்கு மேலேயே ஹந்தானைச் சரிவில் லயங்கள் இருந்தன. அம்மேடையில் ஏறியவை மட்டக்களப்புக் கூத்தின் மரபுகள். ஹந்தானையின் தப்பு கீழே இறங்கி அம்மேடைக்கு வரவில்லை. பேராசிரியரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. கூத்தைத் தேடிய முற்போக்காளரின் செவிக்கே பெரட்டுத் தப்பு வெறும் சத்தமாகப் பட்ட காலம் அது. நாமும் அந்த மரபில் வந்த மாணவர்தாம். நமக்கும் காதோரத்து அரிதாரம் தேவைப்பட்டதே!

மலையகத்தார் தாமே எழுத வந்த பின்னரே குறிப்புகள் ஏட்டில் ஏறின. சி. வி. வேலுப்பிள்ளை மக்கள் பாடல்களைத் திரட்டினார். சாரல்நாடன் வாய்மொழி இலக்கியத்தை ஆராய்ந்தார். நம் மாவட்டத்திலேயே மாத்தளை வடிவேலன் மலையகப் பாரம்பரியக் கலைகளை நூலாக்கினார். மாணவர்கள் முதலில் தேடவேண்டியவை இவை.

இனிக் கூத்துக்குள்ளேயே இருக்கும் இரு அநீதிகளை மறைத்துவிட்டுப் போவது நேர்மையாகாது.

ஒன்று சாதி. தப்பு எல்லோருக்கும் வேண்டும். தப்படிப்பவன் எல்லோருக்கும் சமமல்லன். கப்பலில் ஏறும்போதே லயத்து வரிசைகளும் ஏறிவிட்டன. கங்காணியின் கூட்டமும் குடியிருப்பும் அவ்வரிசையைக் காத்தன. கம்பத்துக்கு அருகே யார் நிற்கலாம், எந்த வேடம் யார் குடும்பத்துக்கு உரியது என்பதில் இன்றும் சில இடங்களில் பேசாத விதிகள் உண்டு. படித்து ஆசிரியராகிய தப்புக்காரர் மகன் ஒருவரை நாம் அறிவோம். தந்தையின் தப்பைக் கையால் தொடுவதில்லை என்று அவர் சபதம் செய்திருக்கிறார். கலையைக் காக்கவேண்டும் என்று அவரிடம் சொல்ல நமக்கு நா எழவில்லை. எதைத் துறந்தால் மனிதனாகலாம் என்று சமூகம் அவருக்குக் கற்பித்ததோ, அதைத் திரும்ப எடுத்துக்கொள் என்று சொல்ல நாம் யார்? தப்பின் இழிவு நீங்கவேண்டுமானால் அதை வேறு சாதிப் பிள்ளைகளும் தோளில் மாட்டவேண்டும். நம் பாடசாலையில் அதற்கு முயன்றபோது முதலில் முகஞ்சுளித்தவர்கள் மாணவர்களின் பெற்றோர் அல்லர்; நம்முடைய ஓய்வறையில் நம்மோடு தேநீர் அருந்துவோர்.

மற்றது பெண். கொழுந்து பறிப்பவள் பெண். தோட்டத்தின் வருவாயும் வீட்டின் சோறும் அவள் விரல் நுனியில். ஆனால் காமன் பொட்டலில் அவளுக்கு வேடமில்லை. ரதியும் ஆண், காளியும் ஆண், குறத்தியும் ஆண். தீட்டு என்பார்கள், விரதம் என்பார்கள், இரவு என்பார்கள். கம்பம் எரிந்தபின் ஆண்வேட ரதி பாடும் புலம்பலுக்கு மெட்டும் சொல்லும் எங்கிருந்து வந்தன? சாவு வீட்டில் பெண்கள் கட்டி அழும் ஒப்பாரியிலிருந்து வந்தவை அவை. பெண்ணின் பாட்டை வாங்கிக்கொண்டு பெண்ணை வெளியே நிறுத்திய சபை இது. மீனாட்சியம்மாள் தொழிற்சங்க மேடையில் ஏறி எண்பது ஆண்டு கடந்தும் பெரும்பாலான பொட்டல்களில் நிலைமை மாறவில்லை.

2023ஆம் ஆண்டு, மலையகத்தார் வருகையின் 200ஆம் ஆண்டு நினைவாக, ஜூலை இறுதியில் தலைமன்னாரில் புறப்பட்ட ஒரு நடைபயணம் முன்னோரின் வழியே சுமார் 250 கிலோமீட்டர் நடந்து ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையில் முடிந்தது. நாமும் மாணவர் சிலரோடு வீதியோரம் நின்று வரவேற்றோம். முன்வரிசையிலும் பின்வரிசையிலும் பெண்கள் பலர் நடந்தனர். தப்பொலி கேட்டதும் நம்மோடு நின்ற மூதாட்டி ஒருவர் தம்மையறியாமல் காலசைத்தார். பின்னர் அவரோடு பேசியபோது, ரதி புலம்பல் முழுவதும் தமக்குப் பாடம் என்றார். அவருடைய தம்பிதான் அக்காலத்தில் தோட்டத்து ரதி. எழுத்தறியாத அவனுக்கு இரவிரவாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர். கூத்தன்று பொட்டலின் ஓரத்தில் உட்கார்ந்து, தம்பி எங்கே தவறுவான் என்று உதட்டை அசைத்துக்கொண்டே இருப்பாராம்.

"நீங்கள் ஏன் ஆடவில்லை, அம்மா?" என்று கேட்டோம்.

"பொம்பளப் புள்ளைய யாரு ஐயா ஆட விடுவா?" என்று சொல்லிவிட்டு, சிறிது பொறுத்து, "அவன் அறுபத்தெட்டுல இந்தியாவுக்குப் போயிட்டான். அதுக்கப்புறம் நம்ம தோட்டத்து ரதிக்குப் பாட்டு சரியா வரல்ல" என்றார்.

காய்ச்சல் கடிதம் கொண்டுவந்த மாணவன் இப்போது உயர்தர வகுப்பில் இருக்கிறான். வார இறுதிகளில் அவனும் அவன் தங்கையும் அந்த மூதாட்டியின் லயத்துக்குப் போய் அப்புலம்பலைக் கொப்பியில் எழுதி வருகின்றனர். இதுவரை பதினோரு பக்கம். எழுதுவது தங்கை, அவளுக்குத்தான் மெட்டுப் பிடிபடுகிறது என்று அண்ணனே ஒப்புக்கொள்கிறான். வரும் மாசிக்கு யார் ரதி என்று கூத்து வாத்தியார் இன்னும் சொல்லவில்லை. வீட்டில் அதைப்பற்றி ஏற்கெனவே சண்டை தொடங்கிவிட்டதாம்.